மேடில்லாத ஊரில் ஒரு டர்போ

என் கணவருக்கு அவருடைய அப்பா விட்டுப்போன சொத்துகளில் ஓடக்கூடியது ஒன்றுதான், ஒரு பழைய இங்கிலாந்துக் கார். வெளிநாட்டு வாகனங்களை இறக்குமதி செய்வதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலத்தில் அதன் மதிப்பு எங்கள் வீட்டில் திடீரென்று உயர்ந்தது. அதுவரை மழையில் நனைந்துகொண்டு நின்றதற்குத் தகரக் கொட்டில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பாட்டலும் நடந்தது.

கார் நல்ல கார். சொன்ன இடத்துக்குப் போகும், திரும்பி வரும். அவசரம் மட்டும் அதற்குத் தெரியாது. நான் செங்கலடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இவர் கமக்காரர்களின் உர அலுவல் பார்க்கும் அரசாங்கக் கந்தோரில் வேலை. காலையில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காரில் போகும்போது, சைக்கிளில் வரும் என் மாணவர்கள் பக்கத்தில் வந்து குட் மோர்னிங் சொல்லி, வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்பதற்கு ஆற அமரக் காரணமும் சொல்லிவிட்டு முந்திப் போவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இவருக்குக் குறை வந்தது ஏறாவூர் ரோட்டில். ஆடு ஏற்றிய ஒரு ஆட்டோ எங்களை முந்தியது. முந்தியதைக்கூடப் பொறுத்திருப்பார். பின்னால் நின்ற ஆடுகள் தலையைத் திருப்பி இவரையே பார்த்துக்கொண்டு போயின. அதன் பிறகு சாப்பிடும்போதும் கைப்பேசியில் வீடியோதான். உலகத்தின் பல மூலைகளில் பல ஆண்கள் ஒரு கம்பனிக் காரின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறொரு கம்பனியின் டர்போ எஞ்சினை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை அடிக்குமாம். அதுதான் டர்போவாம். மேடு ஏறும்போதுதான் அதன் குணம் தெரியுமாம்.

"நம்மட பக்கம் மேடு எங்க இரிக்கி?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலிருந்து வாவிக்கரை வரை தரை தட்டுப்போலக் கிடக்கிறது. வயல்வட்டையில் வரம்புதான் உயரம், அதை விட்டால் பாலம். இவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"டர்போ மேட்டுக்கு மட்டுமில்ல. அது ஒரு மரியாத," என்றார்.

அந்த மரியாதை ஏறாவூரில் ஒரு கடையில் கிடந்தது. ஜப்பான் வாகனங்களின் பழைய உதிரிப்பாகம் விற்கிற கடை. கடைக்கார நானா நேர்மையான மனிதர். இது வேனுடைய எஞ்சின், காருக்குள் வைத்தால் தான் பொறுப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை எஞ்சினின் பலத்துக்குக் கிடைத்த சான்றிதழாக இவர் எடுத்துக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக் கிடந்ததைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், என் கைக்குட்டையை வாங்கித் துடைத்தும் விட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

செங்கலடியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் கராஜ் வைத்திருந்தார். எல்லாரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். 'ஏலாது' என்பது அவர் வாயில் வராத சொல். எஞ்சின் பெரிது, உள்ளே இடம் காணாதே என்றால், வெச்சிரலாம் சேர் என்பார். பற்றரி இருந்த இடம் தேவைப்பட்டது, பற்றரி டிக்கிக்குப் போனது. முன்பக்கத் தகரத்தை வெட்டினார்கள். பொனட் மூட மறுத்தபோது அதன் நடுவில் மாட்டுக்கு இருப்பதுபோல ஒரு திமில் வைத்தார்கள். கியர்ப்பெட்டி, நான் கால் வைக்கிற இடத்துக்குள் வந்து குந்திக்கொண்டது. ஏறி இருந்து பார்த்தேன். முழங்கால் நாடியில் முட்டியது. சொன்னேன். இவரும் பாஸும் என் கால்களைக் கவனமாகப் பார்த்தார்கள், பிழை அவற்றில்தான் என்பதுபோல.

இதற்கிடையில் உர மானியக் கையெழுத்துக்காகக் கந்தோருக்கு வந்த கமக்காரர்கள், அங்கே இவரைக் காணாமல் கராஜைத் தேடி வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சும்மா நிற்காமல் எஞ்சினைத் தூக்குகிற சங்கிலியில் ஒரு கை கொடுத்தார்கள். அந்தப் போகத்தில் எங்கள் பகுதி விவசாயிகளுக்கு உரம் கிடைத்ததோ இல்லையோ, டர்போ பற்றிய அறிவு தாராளமாகக் கிடைத்தது.

ஒருநாள் எஞ்சின் உயிர் பெற்றது. பாஸ் வேகத்தைக் கூட்ட, உள்ளே எங்கேயோ மெல்லிய விசில் எழுந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குக்கரில் பருப்பு வேகிறபோது வருகிற சத்தம் இதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான தொல்லை. ஓடும்போது விசில் வர ஒரு வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தொடப்போகும் நேரம் பார்த்து ஒரு மாடு ரோட்டில் படுத்திருக்கும். மாடு எழும்பினால் வேகத்தடை. வேகத்தடை தாண்டினால் பொலிஸ். பொலிஸும் இல்லாத இடத்தில் கோயில் ஊர்வலம். வாரக்கணக்காக அந்த டர்போ எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடி மட்டும் விசிலடித்தது. அயலவர்கள் வந்து கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.

கடைசியில் இவர் மேட்டைத் தேடிப் போவதென்று முடிவெடுத்தார். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் பதுளை ரோட்டில் புறப்பட்டோம். பாஸும் பின் சீற்றில் ஏறிக்கொண்டார். பிபிலை தாண்டி ரோடு மலையில் ஏறத் தொடங்கியது. இவர் மிதித்தார். விசில் எழுந்தது. பிறகு கார் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல முன்னால் பாய்ந்தது. மரக்கறி ஏற்றிய லொறி ஒன்றை முந்தினோம். பஸ் ஒன்றை முந்தினோம். இவர் சிரித்தார். எங்கள் பிள்ளை பிறந்த அன்று சிரித்த சிரிப்பு. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். முழங்காலை மறந்திருந்தேன்.

ஏறிய ரோடு ஒரு திருப்பத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. இவர் பிறேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். கருகிய வாசம் வந்தது.

"பாஸ், பிறேக் பிடிக்குதில்ல," என்றார் அமைதியாக. அந்த அமைதிதான் என்னைப் பயப்படுத்தியது.

பாஸ் பின் சீற்றிலிருந்து முன்னால் எட்டிக் குனிந்தார்.

"பிறேக்கில நான் கை வெக்கல்ல சேர். நீங்க எஞ்சினப் பத்தித்தானே கதச்சீங்க."

வேன் எஞ்சினின் பாய்ச்சலை, ஆட்டோவிடம் தோற்ற காரின் பிறேக்கால் பிடிக்கப் பார்த்தோம் என்பது அப்போதுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பாஸ் கியரைக் குறைக்கச் சொன்னார். குறைத்தபோது எஞ்சின் அலறியது. வேகம் கொஞ்சம் அடங்கியது, போதவில்லை. வளைவுக்கு முன்னால் ரோடு திருத்தக் கொட்டியிருந்த மணல் குவியல் தெரிந்தது. மணல் என்று நான் கத்தினேன். இவர் அதற்குள்ளேயே விட்டார்.

கார் மூக்கைப் புதைத்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பொனட் மட்டும் கழன்று, திமிலோடு பக்கத்துத் தேயிலைக்குள் கிடந்தது. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்கள அம்மா தண்ணி கொண்டுவந்து தந்தார், காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், ஏதோ கேட்டார். எங்களில் சிங்களம் தெரிந்தவர் பாஸ்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

"இவ்வளவு கெதியா வந்தீங்களே, எங்க போறீங்க எண்டு கேக்கிறா."

நாங்கள் ஒரு இடத்துக்கும் போகவில்லை. அதை எந்த மொழியில் சொல்வதென்று மூவருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில், நாங்கள் முந்திவிட்டு வந்த மரக்கறி லொறி அசைந்து அசைந்து வந்து சேர்ந்தது. அதன் சாரதி ஒன்றும் கேட்காமல் இறங்கிக் காரை வெளியே இழுத்தார், லொறியைத் திருப்பிக் கயிறு கட்டிப் பிபிலை வரை மெதுவாகக் கொண்டுபோய் விட்டார். இவர் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி, ஆறிக் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியிருந்த பிறேக்கை மிதித்து மிதித்து வந்தார். நான் என் கையை அவர் கைமேல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கந்தோரில் இந்தப் பயணம் வேறு மாதிரிச் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த அவருடைய நண்பர்கள் மூலம் அறிந்தேன். அதில் லொறி இருந்தது, பஸ் இருந்தது, இன்னும் சில வாகனங்களும் சேர்ந்திருந்தன, எல்லாவற்றையும் முந்தியிருந்தோம். மணல் இருக்கவில்லை. நான் திருத்தவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஆனால் அந்த மலையில் இவருக்குள் ஒரு பயம் இறங்கிவிட்டது. பிறேக் முழுவதையும் மாற்றினார்கள். அவை மூன்றாவது ஒரு கம்பனியினுடையவை. அதற்குப் பிறகும் இவர் சாவியைத் தொடத் தயங்கினார், பஸ்ஸில் போனார். கார் கொட்டிலில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஓட்டப் பழகினேன். காரில் கால் நீட்ட இடமிருந்ததும் ஓட்டுகிற பக்கத்தில்தான்.

போன மாதம் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். நான் ஓட்ட, இவர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். வழியில் ஒரு மாட்டுக் கூட்டம், அதன்பின் ஒரு உழவு இயந்திரம். எதையும் நான் முந்தவில்லை. காற்று வாவிப் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. கோயிலடியில் நிறுத்தி, தோளில் தட்டி எழுப்பினேன். வந்திட்டமா என்று கேட்டார். ஓம் என்றேன்.