தள்ளி உட்கார்ந்த குளோரின்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மூன்று தொழிற்சாலை வைத்தேன். இப்போது அமெரிக்காவில், டெக்ஸாஸில், கேட்டி என்ற ஊரில், மகன் இர்ஃபான் வீட்டில் இருக்கிறேன். எழுத உட்கார்ந்தது என் மருமகள் ஹபீஸாவைப் பற்றி. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி., கெட்டிக்காரி. நான் பார்த்து எடுத்த பெண், வேறு எப்படி இருப்பாள்!

தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வொர்க் பெர்மிட் அட்டைதான் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அட்டை வராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. இர்ஃபான் தன் விசா நீட்டிப்போடு அவள் விண்ணப்பத்தையும் சேர்த்தே போட்டிருந்தான். இங்கே நம்மவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், சீக்கிரம் வருமாம். அவன் ஃபைல் எங்கோ சிக்கியது, அவளுடையதும் கூடவே சிக்கியது.

அட்டை தபாலில்தான் வரும்; அந்த வாரம் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. இருக்கிற ஒரு காரும் காலையில் இர்ஃபானோடு போய்விடும். ஜும்மா தொழுகைக்குக்கூட யாராவது கூட்டிப் போனால்தான் எனக்கும் வெளியுலகம். வியாழக்கிழமை, அவள் கவனத்தைத் திருப்ப, என் பழைய சந்தேகத்தை எடுத்துவிட்டேன்.

"தோல்ல சாயம் பிடிக்க ஃபார்மிக் ஆசிட் ஊத்துவோம்மா. ஒரு தடவை அதே அளவு அசிட்டிக் ஊத்தினோம். சாயம் பாதி தண்ணியிலேயே நின்னுடுச்சு. ரெண்டும் அண்ணன் தம்பிதானே?"

"ஆசிட்னா ஹைட்ரஜனை விடணும் மாமா. அசிட்டிக்ல பக்கத்துல மெத்தில் குரூப் உக்காந்திருக்கு. அது எலக்ட்ரானை இந்தப் பக்கம் தள்ளும், ஹைட்ரஜன் லேசுல கழலாது. அந்த மெத்தில்ல ஒரு குளோரினைச் சேர்த்தா, அது எலக்ட்ரானை இழுத்துக்கும். ஹைட்ரஜன் டக்குனு கழண்டுடும். அதே குளோரின் தள்ளி உக்காந்தா அவ்வளவு பவர் இருக்காது."

"அப்போ உன் குளோரின் நான்தான்! வாணியம்பாடில நான் ஒரு போன் போட்டா..."

"அது வாணியம்பாடில மாமா. நீங்க ரொம்பத் தள்ளி உக்காந்துட்டீங்க." அந்த வாரத்தில் அப்போதுதான் சிரித்தாள். "உங்க மகன்தான் மெத்தில். பாசமாத்தான் தள்றாரு, பாவம்."

வெள்ளிக்கிழமை மதியம் தபால் வண்டி தெருமுனையில் நின்றுவிட்டுப் போனது. தெருவுக்கே தபால் பெட்டிகள் அங்கேதான்; இருவரும் நடந்தோம். எங்கள் பெட்டிக்குள் கடை விளம்பரங்கள் மட்டும் இருந்தன. அவள் அங்கேயே நின்று லேப்புக்கு போன் செய்தாள். இங்கிலீஷில், குரல் பிசகாமல், வரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

என் தொழிற்சாலை என்றால் அன்றைக்கே நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பேன். இங்கே சாவியை வாங்கிப் பெட்டியைப் பூட்டினேன்.

"நாளைக்கும் வண்டி வரும்ல?"

"வரும் மாமா. அட்டைகூட வரலாம்," என்றாள். "வேலை இருக்காது."