தேய்ந்த நம்பர்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். துப்பாக்கியைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும், மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் வாசனை எழுந்தது. கூடவே எங்கள் பழைய குவார்ட்டர்ஸும் வந்துவிட்டது.

மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்ததும் அப்பா இந்த உலகப்போர் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொள்வார். குழலை அடைத்திருந்தார்கள், சுடாது. அதன் மரக்கட்டையில் யாரோ ஒரு சிப்பாயின் நம்பர் குத்தியிருக்கும். அதை விரலால் தடவித்தான் எண்களைக் கற்றுக்கொண்டேன். அப்பா எண்ணெய் பூசுவார். ஜன்னல் வழியே வரும் நிலக்கரித் தூசி அதில் அப்பிக்கொள்ளும். உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார். மறுபடியும் எண்ணெய்.

"பூசிக்கினும் தேச்சிக்கினுமே கெடக்கறீங்களே, அலுக்கலயா?" என்பாள் அம்மா.

"சுட்டவன் போயிட்டான். தொடைக்கவாவது ஒரு ஆளு வாணாமா?"

அப்பா போனபின் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பதினேழு வருடம். கை ஓய்ந்துவிட்டது, கொடுத்துவிடலாம் என்றுதான் இவரை வரச்சொன்னேன்.

அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க ஒரு நம்பர் இருக்கணுமே சார், அதுக்குத்தான் மதிப்பே. யாரு தேச்சு அழிச்சது?"

தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எந்த வருடம் போனதென்றுகூடத் தெரியவில்லை.

"நாங்கதாங்க," என்றேன். "அப்பா பாதி, நான் பாதி."