பார்சல் கட்டிய கை

போன சனிக்கிழமை மெல்பேர்னுக்குப் பக்கத்து வெரிபீயில் மகளின் ஃபுட்டி ஆட்டம். பந்தை உதைக்கவும் கையால் பிடிக்கவும் செய்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து அது. உடைமாற்றும் அறையைத் தாண்டும்போது தைல வாசனை வந்தது. உடனே என் வலது கை கனத்தது. வாசனைக்குக் கை கனக்குமா என்று கேட்பீர்கள். எனக்குக் கனக்கும்.

நான் படித்தது மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆண்கள் பள்ளி. குளிர்காலத்தில் சனிக்கிழமைதோறும் ஃபுட்டி. அதே குளிரில், ஜூன் மாதம், பன்னிரண்டாம் வகுப்புக்கு பிசிக்ஸ் சோதனை. அது ஒத்திகை அல்ல. அந்தப் புள்ளிகள் இறுதிக் கணக்கில் சேரும். இரண்டையும் ஒரே பருவத்தில் வைத்தவர்கள் யாரென்று அப்பா பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் ஆட்டத்தைத் தடுக்கவில்லை.

“விளையாடு தம்பி. வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா சோதினை எழுதுறது கால் இல்லை, கை.”

ஆட்டத்தன்று காலையில் என்னைக் குசினிக் கதிரையில் இருத்துவார். வலது கைக்குத் தைலம் பூசி, நான்கு விரல்களையும் சேர்த்து கிரேப் பான்டேஜால் சுற்றுவார். தபால் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டும் கூடத்தில் வேலை செய்தவர். அவர் கட்டினால் அவிழாது. அணியில் என் பெயரே பார்சல் என்றானது.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கையில், மழையில் ஒரு பந்து உயரத்திலிருந்து வந்தது. கைகளை நீட்டினேன். இடது கை விரிந்தது. வலது கை பலகை போல நின்றது. இரண்டு விரல்கள் முறிந்தன.

விரல்கள் விரிந்திருந்தால் அடியைத் தாங்கியிருக்கும், சேர்த்துக் கட்டியதால்தான் முறிந்தன என்று மருத்துவர் சொன்னார். அப்பா “ஓம் டொக்டர்” என்றார். எனக்குச் சோதனையை நினைத்துக் கவலை. அவருக்கு அதோடு தன் கட்டும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் வேலைக்கு லீவு போட்டுப் பள்ளிக்குப் போய் வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுத ஒருவரைத் தருவார்களாம்.

“நான் எழுதட்டோ எண்டு கேட்டனான். என்ரை எழுத்து வடிவுதானே. சொந்தக்காரர் கூடாதாம்.”

“உங்களுக்கு பிசிக்ஸ் தெரியாதே அப்பா.”

“அதாலதான் கேட்டனான். தெரிஞ்சால் கள்ளமெண்டுவாங்கள்.”

வீட்டில் பழகிப் பார்க்கத் தடையில்லை. பென்சிலோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார். பந்து போகும் பாதையைப் படமாகக் கீற வேண்டும். “பந்து மேல போகுது, பிறகு கீழ வருது” என்றேன். கோயில் கோபுரம் போல ஒன்றைக் கீறி நீட்டினார்.

“அது வளைஞ்செல்லோ போகும்.”

“நீ சொன்னதைத்தான் கீறினன்.”

அந்த வாரம் முழுக்க இதே பதில்தான். கோபத்தில்தான் சரியாகச் சொல்லப் பழகினேன்.

சோதனையன்று ஒரு சிறிய அறை. எழுத வந்தவர் கம்பளிச் சட்டை போட்ட வயதான பெண்மணி. உதைத்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் மீதுள்ள விசைகளைக் காட்டுக என்றது கேள்வி. காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

“பந்தின் நடுவிலிருந்து ஓர் அம்பு. நேரே கீழே. உங்கள் சுண்டுவிரல் நக நீளம். வேறொன்றும் வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்படியே கீறினார். விடைத்தாளை மூடிய பிறகுதான் வாய் திறந்தார். “என் கணவர் இப்படி வழி சொல்லியிருந்தால் நாங்கள் பாதிப் பயணங்களில் தொலைந்திருக்க மாட்டோம்.”

பிசிக்ஸில் பெரிய புள்ளி வரவில்லை; தேறினேன். பின்னர் பத்திரிகையில் சேர்ந்து, மறுமுனையில் ஒருவர் எழுதிக்கொள்ள நீதிமன்ற வாசலிலிருந்து தொலைபேசியில் செய்தி சொல்லும் வேலை வந்தபோது அது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

இப்போது அந்த வேலை இல்லை. நாம் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. ஜூன் மாதச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். மகளுக்கு இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு, சோதனை எல்லாம் இங்கே வசந்தமான அக்டோபர், நவம்பரில்தான்.

சனிக்கிழமை பந்து மகளை நோக்கி உயரத்திலிருந்து வந்தது. பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்த என் அப்பா, அவளுக்கு அப்பப்பா, எழும்பி, மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

“விரலை விரி பிள்ளை, விரலை விரி.”

பிடித்துவிட்டாள். ஓடும்போதே திரும்பி, “ஐ நோ, அப்பப்பா” என்றாள்.