எழுதப்படாததைக் கேட்க வைத்தவர்

மார்பில் ஊமைக்காயம். அப்பாவின் கேஸ் ஷீட்டில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை, சபையாரே.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. பள்ளிக்கரணை அருகே முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, அப்பாவின் கார் அதில் மோதியது. சீட் பெல்ட் போடவில்லை. ஸ்டீரிங் நெஞ்சில் இடித்தது.

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளை வாசித்து, ஒவ்வொரு காயத்துக்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது வேலை. அப்பாவின் விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒருவரின் சார்ட் வந்தது. அப்பா வயது. கார், ஸ்டீரிங், நெஞ்சு. முதல் பக்கத்தில், லேசான முதுகுவலி, குடும்பத்தாருடன் சிரித்துப் பேசுகிறார் என்றிருந்தது. நடுவில், இரண்டு கையின் பிபியும் வேறு வேறாக இருக்கிறது என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், நெஞ்சுக்குள் பெருந்தமனி கிழிந்து இறந்துவிட்டார். குறியீட்டைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டைத் திறந்தேன். அன்றைக்கு டார்கெட் முடிந்த சந்தோஷம் வேறு.

"மூஞ்சிய ஏம்மா இப்படி வெச்சிருக்க? அடி காருக்குத்தான். அதப் போய்ப் பாத்து அழு," என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அப்பா சிரித்தார். பிறகு, "முதுகுலதான், ரெண்டு தோளுக்கும் நடுவுல இழுக்குது," என்றார்.

சார்ட்டில் இறந்துபோன, முகம் தெரியாத அந்த மனிதர் அப்பாவின் கட்டிலில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் எழுதாததை நாங்களாக ஊகிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எழுதவில்லை என்றால் நடக்கவில்லை. மூன்று வருடம் அப்படியே பழகிவிட்டேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். "ஆண்டவரே, எல்லாம் என் பிரமையாக இருக்கட்டும்" என்றே ஜெபித்தேன். பயம் போகவில்லை. கடைசியில், "என்னைக் கேட்க வையும்" என்று ஜெபம் மாறியது. உடனே நினைவுக்கு வந்தது, குறிப்பில் சந்தேகம் வந்தால் டாக்டருக்கு நாங்கள் அனுப்பும் குவெரி. முடிவை நாமே சொல்லக் கூடாது, கேள்வியாகத்தான் கேட்கலாம். எழுந்துவிட்டேன்.

"சார், ரெண்டு கையிலயும் பிபி பாத்தீங்களா?"

டியூட்டி டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க டாக்டரா?"

"இல்ல சார். கோடிங்."

"நல்லா பயமுறுத்துறீங்க," என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார். வலது கையில் பார்த்தார். இடது கையில் பார்த்தார். மறுபடியும் இடது கையில் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. "சிஸ்டர், சிடி ஸ்கேனுக்குச் சொல்லுங்க."

பெருந்தமனி கிழிந்திருந்தது. வெளிப்புற மெல்லிய சுவர் ஒன்றுதான் ரத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிபியைக் குறைக்க மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று பிற்பகலே தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கிழிசலை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்தார். கர்த்தருக்கு நன்றி.

"உன் படிப்புதான் அப்பாவைக் காப்பாத்திச்சு," என்கிறார்கள். இல்லை. படிப்பு அந்த நாற்பது நிமிடமும் என்னோடுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவள் நான். என் வாயைத் திறந்தவர் கர்த்தர்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு சார்ட்டையும் திறக்குமுன் அதில் இருக்கும் முகம் தெரியாதவரின் வீட்டாருக்காக ஜெபிக்கிறேன். வேகம் குறைந்துவிட்டது. டீம் லீடர் திட்டுகிறார். பரவாயில்லை.

உங்கள் தொண்டையிலும் ஏதாவது ஒரு கேள்வி நிற்கலாம். கர்த்தரை நம்பி இன்றைக்கே ஜெபியுங்கள். ஆமென் சொன்ன கையோடு எழுந்து போய்க் கேளுங்கள். நாற்பத்தோராவது நிமிடம் எனக்குக் கொடுக்கப்பட்டது. அது இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பில் இன்னும் திடுக்கிட்டு விழிக்கிறேன்.