மௌனத்துக்கு எண் ஒன்பது

ஒரே கேள்வியை ஒரே ஆளிடம் ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பிழைப்பதும் ஒரு வேலைதான். கணக்கெடுப்புக்காகப் படியேறிக் கால் தேய்ந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். தொண்ணூறுகளில் கல்கத்தாவில் என் தலையில் கட்டப்பட்டவர்கள் குவேக்கர்கள். பாதிரியார், பாட்டு, பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஞாயிறன்று மௌனமாக உட்காரும் சிறு கிறிஸ்தவக் கூட்டம். பக்கத்தில் இருப்பவர் கையைக் குலுக்கினால் ஆராதனை முடிந்தது என்று அர்த்தம். கடவுளை நம்புகிறீர்களா, இந்தக் கூட்டம் உங்களுடையதா என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களிடம் கேட்க வேண்டும், ஒரு சொல்கூட மாறாமல்.

முதல் சுற்று

கூட்டம் நடந்தது பெஹாலாவில், மாஷிமாவின் வீட்டு முன்னறையில். வங்காளிப் பெண்மணி, அந்தத் தெருவுக்கே அவர் மாஷிமா, நம்மூர்ச் சித்தி மாதிரி. கடவுளை நம்புகிறீர்களா என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பதில் சொல்லாதவர்களுக்கு எண் ஒன்பது என்பது எங்கள் விதி. காத்திருந்து பார்த்தேன். ஒன்பது போட்டுவிட்டுப் பையை எடுத்தபோது கண்ணைத் திறந்தார்.

"உட்காரும்மா. கடவுளைப் பத்திக் கேட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடறியே."

அண்ணாச்சியின் அலுப்பு

சாந்த்ராகாச்சி ரயில்வேயில் ஓய்வுபெற்ற திருநெல்வேலிக்காரர் ஞானராஜ் அண்ணாச்சியும் அந்தக் கூட்டம்தான். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் காபி தருவார். இரண்டாம் சுற்றில் அதே கேள்வியைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. வார்த்தையை மாற்றினால் பழைய பதிலோடு ஒப்பிட முடியாது என்று விளக்கினேன். சொல்லும்போது எனக்கே அலுப்பாக இருந்தது.

"போன தடவையே சொன்னம்லா. நாந்தான் மாறல, கேள்வியாவது மாறக் கூடாதாம்மா?"

ஒத்துவராத பதில்

அந்தச் சுற்றுக்குள் மாஷிமாவின் கணவர் இறந்துபோயிருந்தார். கடவுளை நம்புகிறீர்களா என்றதற்கு 'இல்லை' என்றார். கூட்டம் உங்களுடையதா என்றதற்கு 'ஆமாம்'. ஜாதவ்பூர் அலுவலகத்தில் எங்கள் மேலாளர் சென்-தா, அதாவது சென் அண்ணன், உதட்டைப் பிதுக்கினார். இரண்டும் ஒத்துவராது, திரும்பப் போய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் அவரை ஆய்விலிருந்தே எடுத்துவிடுவோம் என்றார். மினிபஸ்ஸில் நசுங்கி மறுபடியும் பெஹாலா. கணவனை இழந்தவரிடம் இதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

"நம்பிக்கைதான் போச்சு. ஞாயித்துக்கிழமை வந்துட்டுத்தானே இருக்கு?"

கடைசிச் சுற்று

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள், அண்ணாச்சியும் நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். நான் போன ஞாயிற்றுக்கிழமை, எல்லா நாற்காலிகளையும் போட்டுவைத்து மாஷிமா மட்டும் உட்கார்ந்திருந்தார். இந்தக் கூட்டம் உங்களுடையதா என்று விதிப்படி கேட்டேன்.

"தனியா ஆரம்பிச்சுடலாம்மா, முடிக்கத்தான் இன்னொரு கை வேணும். பேனாவைக் கீழே வெச்சுட்டு உட்காரு."

அன்று இருவரும் கை குலுக்கி எழுந்தபின், அந்தப் பதிலுக்கு எங்களிடம் எண் இல்லாததால், வழக்கம்போல ஒன்பது போட்டேன்.