கையில் விழுந்த சர்க்கரைப் பொங்கல்

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நிற்பவன் நான். சேலையை மேசையில் விரித்தால் மட்டும் போதாது. முந்தானையை என் தோளில் போட்டுக் காட்டினால்தான் வந்தவர்கள் விலையே கேட்பார்கள். சொரியாசிஸ் வந்து கழுத்திலும் முழங்கையிலும் செதில் உதிரத் தொடங்கியதும், சூப்பர்வைசர் என்னை நான்காம் மாடிக்குப் பார்சல் கட்ட அனுப்பிவிட்டார். இது ஒட்டுகிற நோயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் காதில் வாங்குகிற மூஞ்சி இல்லை அது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைப்பார். எனக்கு மட்டும் கிழித்த பில் தாளில் வைத்து மேசை மேல் தள்ளிவிடுவார்.

இரண்டு வருஷம் இப்படியே போன பிறகுதான், மயிலாப்பூரில் ஒரு தோல் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். இந்த நோயே இதயத்துக்கு நல்லதில்லை, இந்த மாத்திரையும் சிலருக்கு ரத்தத்தில் கொழுப்பை ஏற்றலாம், அதனால் அவ்வப்போது வெறும் வயிற்றில் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். சில மாதங்களில் தோல் தெளிந்தது. தரைத்தளத்துப் பட்டுப் பிரிவுக்கே திரும்பினேன். என் பக்கத்தில் நின்று டீ குடிக்காத பேர்வழிகள் தோளில் கை போட்டார்கள். அவர்கள் அன்பு அவ்வளவு மெல்லிசு.

ரத்தம் கொடுக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமையாகிப் போனது. பூஜைக்குத் தலையைக் காட்டிவிட்டு லேபுக்குப் போகலாம் என்று நின்றேன். சூப்பர்வைசர் சூடான பொங்கலை என் உள்ளங்கையில் வைத்தார். நெய் விரலிடுக்கில் வழிந்தது. வேண்டாம் என்று சொல்லக் கூச்சம் என்று எழுதினால் அது பொய். சொல்ல மனமில்லை. இரண்டு வருஷம் தாளில் வாங்கியவன் கையில் விழுந்ததும் நக்கித் தின்றேன். அன்று அவரைவிட என்னைத்தான் கேவலமாக நினைத்தேன்.

ரிப்போர்ட்டில் கொழுப்பு எகிறியிருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி, பட்டினியாகவே கொடுத்தேன். அப்போதும் அதிகம்தான். நெய்யைக் குறைத்து நடக்கச் சொன்னார், மாத்திரையையும் மாற்றினார். புதியது வேலை செய்ய நாளாகும், அதற்குள் செதில் திரும்பினாலும் திரும்பலாம் என்றார்.

தீபாவளி வியாபாரம் நெருங்கியிருந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"இன்னாபா நீ, சீசன் முடியற வரைக்கும் பழைய மாத்திரையவே போடு. தோலு பளபளன்னு கீது. நெஞ்சுக்குள்ள இன்னா கீதுன்னு எந்தக் கஸ்டமர் பாக்கப்போறாங்க?"

நான் புது மாத்திரையையே போட்டேன். தீபாவளிக்கு முன்பே செதில் வந்தது. நானும் நான்காம் மாடிக்கு வந்தேன். ஊழியர்களுக்கு லிஃப்ட் கிடையாது. டாக்டரம்மா சொன்ன நடைக்கு அந்தப் படிகளே போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பில் தாளில் பொங்கல் வந்தது. அதை அவர் பக்கமே தள்ளினேன்.

"நெய் ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க சார். நீங்களே சாப்பிடுங்க."

ஒரு மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்குகிறவர், என் பங்கையும் வழித்துச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.