டாக்டர் ஞானசேகரன் எழுந்து போன நேரம்

லிங்கராஜபுரத்து டாக்டர் ஞானசேகரன், ரோபோவைக் கொண்டு சிறுநீரக அறுவைசிகிச்சை செய்ய இளம் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். முறை எளிது. நோயாளியின் உடலுக்குள் ரோபோவின் கைகள். அவற்றை இயக்க அறை மூலையில் இரண்டு கன்சோல்கள். ஒன்றில் அவர், மற்றதில் மாணவர். ரோபோ யாருக்குக் கட்டுப்படும் என்பதற்கு ஒரு பொத்தான். அது அவரிடம். மாணவர் பார்ப்பார். ஒரு வருடம் பார்த்தால் பயிற்சி முடிந்தது.

அவருக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு உண்டு; சிறுநீர் வந்தால் அடக்க முடியாது. யாரிடமும் காட்டவில்லை. நகரத்தில் அதற்கு வைத்தியம் பார்ப்பவர்களில் பாதிப்பேர் அவருடைய மாணவர்கள். அவர்களுக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருட மாணவி வைஷ்ணவிக்கு அது பயிற்சியின் கடைசி வாரம். அடுத்து ஓசூரில் வேலை. அங்கே தனியாக அறுக்க வேண்டும். இதுவரை ஒரு கட்டியைக்கூட அவள் எடுத்ததில்லை. போன வருட மாணவன் பரத்துக்குப் போன் செய்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி சாருக்குக் காப்பி குடு. பெரிய டம்ளர்ல. நாங்கள்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்."

கொடுத்தாள்.

"என்னம்மா, போற நேரத்துல மரியாதை பலமா இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

நோயாளி கோவிந்தன், அத்திபெலேயில் ஹார்டுவேர் கடைக்காரர். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிளாம்ப் என்ற இடுக்கியால் அடைத்து, அதிலுள்ள கட்டியை வெட்டித் தைக்க வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். ஞானசேகரன் கிளாம்ப் போட்டார். நெளிந்தார். கன்சோலின் பெடலிலிருந்து காலை எடுத்துக் கால்மேல் கால் போட்டார்.

"பிடிச்சுக்கோ. எதையும் தொடாத. இதோ வந்துட்டேன்."

பொத்தானை அழுத்தி ரோபோவை அவள் பக்கம் மாற்றிவிட்டு ஓடினார். ஆபரேஷன் தியேட்டர் கழிவறை ரிப்பேர்; வெளியே வராந்தாவில் இருப்பதற்குத்தான் போக வேண்டும். அந்த வியாதியில் ஓடுவது மட்டும்தான் வேகம். மற்றதெல்லாம் சொட்டுச் சொட்டாக.

வைஷ்ணவி வெட்டினாள். கட்டி முழுதாக வந்தது. அவர் திரும்பும்போது கடைசித் தையல்.

"யாரு வெட்டச் சொன்னது?"

"கிளாம்ப் போட்டிருந்தீங்களே சார்."

கிளாம்ப்பை எடுத்தார். ரத்தம் கசியவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"ம். நான் சொல்லிக்குடுத்த மாதிரியே இருக்கு."

வெளியே கோவிந்தனின் மனைவி ரத்தினம்மாள் காத்திருந்தாள்.

"கட்டியைச் சுத்தமா எடுத்தாச்சும்மா. நானே எடுத்தேன்," என்றார். வைஷ்ணவி பின்னால் நின்றாள்.

"நடுவுல நீங்க இந்தப் பக்கமா ஓடினீங்களே சார்? அப்ப உள்ள யாரு அறுத்தாங்க?"

ஞானசேகரன் வைஷ்ணவியைப் பார்த்தார். பிறகு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரோபோ."

ரத்தினம்மாள் தியேட்டர் கதவை நோக்கிக் கைகூப்பினாள். வைஷ்ணவியிடம், "நான் ரொம்ப தேங்க்ஸ் சொன்னேன்னு அதுகிட்ட சொல்லும்மா," என்றாள்.

"சொல்லிடறேம்மா," என்றாள் வைஷ்ணவி.